கிழக்கு அறை வாஷ்பேசின்

குன்னம்
4-5-2024

ரஞ்சனிக்கு,

நலம். ஆண்டிமடத்தில் நீயும் மாமாவும் அத்தையும் நலமா? கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மழை விழுந்த பிறகுதான் விதைச் சோளம் கேட்டு ஆட்கள் வருவார்கள். அதுவரை ஈ ஓட்டுகிற வேலைதான்.

போன் மணிச் சத்தமே எனக்கு ஆகவில்லை, சொல்ல வேண்டியது இருந்தால் எழுதுங்கள் என்று போகும்போது சொன்னாய். ஒன்றரை வருஷமாக எழுதவும் இல்லை, போனும் செய்யவில்லை. இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. புது வீட்டு வேலையை மறுபடி தொடங்கிவிட்டேன். பூசாமல் விட்ட சுவரில் பாசி ஏறிவிட்டது, பிச்சைமுத்து மேஸ்திரி பார்க்கிறபோதெல்லாம் 'வூட்ட இப்புடிப் போடக் கூடாதுங்க சார்' என்று என்னைத் துளைத்தெடுத்துவிட்டார். பூச்சு முடிந்தது. இனி டைல்ஸ், குழாய், சுவிட்ச், கதவு என்று எல்லாம் தேர்வு செய்கிற வேலை. பெரம்பலூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எதைப் பார்த்தாலும் நன்றாக இருக்கிறது, எதையும் வாங்கப் பிடிக்கவில்லை.

விதைக் கம்பெனி வண்டியில் இந்தக் கடிதத்தோடு மூன்று டைல்ஸ் துண்டு அனுப்புகிறேன். ஒன்று பளிங்கு மாதிரி பளபளப்பது. ஒன்று தந்த நிறம், மங்கலானது. மூன்றாவது மரப்பலகை மாதிரி. கூடத்துக்கு, சமையலறைக்கு, நம் அறைக்கு எது எது என்று நீ சொல். வாஷ்பேசினுக்கு வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த குழாய் போடலாமா? கூடத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டு உள்ளே மஞ்சள் விளக்கு வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

ஆவணியில் பால் காய்ச்சிவிடலாம் என்று ஜெகதா அக்கா சொல்கிறது. பால் காய்ச்ச இரண்டு பேர் வேண்டும். நான் ஒருவனாகப் போய் அடுப்புப் பற்ற வைத்தால் அது வீடாகாது. அதற்குள் நீ வந்துவிடு என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். டைல்ஸைப் பற்றி எழுதி நிரப்பிவிட்டேன்.

பரணிதரன்

ஆண்டிமடம்
11-5-2024

அமுதினி அப்பாவுக்கு,

துண்டுகள் உடையாமல் வந்தன. பளிங்கு மாதிரி இருப்பதைக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுங்கள். ஈரக் காலை அதில் வைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போகிறது. மரப்பலகை மாதிரி வேண்டுமென்றால் மரப்பலகையே வாங்கலாமே, மாதிரி எதற்கு? தந்த நிறத்தையே எல்லா அறைக்கும் போடுங்கள். நம் ஊர் உப்புத் தண்ணீருக்கு வளைந்த குழாய் ஆறு மாதத்தில் வெள்ளை பூத்துவிடும். குட்டையான, கனமான குழாயாக வாங்குங்கள். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். பல்லி வளர்க்க உங்களுக்குத் தனியாகக் கூரை வேண்டுமா?

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். கேட்காததற்கு வருகிறேன். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் அவள் பெயர் இல்லை. கூடம், சமையலறை, நம் அறை என்று எண்ணிக்கொண்டு வந்தவர் அதோடு நிறுத்திவிட்டீர்கள். கிழக்கு அறைக்குத் தரை வேண்டாமா? அமுதினி என்று எழுதினால் பேனா முனை உடைந்துவிடுமா?

நான் ஏன் வந்தேன் என்று உங்களுக்கு மறந்திருக்காது. இருந்தாலும் காகிதத்தில் இருக்கட்டும். காரியம் முடிந்த அன்று உங்கள் அக்கா மஞ்சள் துணியில் புதுப் பாவாடையும் கண்ணாடி வளையலும் முடிந்து எடுத்து வந்தார். 'கன்னியாப் போன புள்ள. பூவாடக்காரியா வச்சுக் கும்புட்டாக் குடும்பத்தக் காப்பா' என்றார். கன்னியாகப் போனவளைச் சாமியாக வைப்பது உங்கள் வீட்டு வழக்கம், தப்பு சொல்லவில்லை. நாலு தலைமுறைக்கு முன்னால் போன பெண்ணுக்கெல்லாம் பொங்கல் வைக்கிறீர்கள். ஆனால் புது வீட்டுக் கன்னி மூலையில் அவளுக்கு மாடம் வைக்கச் சொல்லி மேஸ்திரியிடம் அன்றே அவர் சொல்லிவிட்டார். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள், வாய் திறக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை நம்மைக் காப்பாற்ற வேண்டுமா? நாம் அவளைக் காப்பாற்றினோமா?

மாடம் இருக்கிற வீட்டில் நான் பால் காய்ச்ச மாட்டேன். அக்காவும் தம்பியுமாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

சிவரஞ்சனி

குன்னம்
20-5-2024

ரஞ்சனிக்கு,

அமுதினி. எழுதிவிட்டேன். பேனா உடையவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே மேஸ்திரியை அழைத்துப்போய் மாடத்தைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னேன். 'சாமிக்கு வுட்ட எடத்த அடைக்கச் சொல்றீங்களே சார்' என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நானே கலவை எடுத்துப் போட ஆரம்பித்த பிறகுதான் வாங்கிக்கொண்டார். அக்கா என்னோடு பேசவில்லை. பேசாமல் சாப்பாடு மட்டும் அனுப்புகிறது, அதில் உப்பு அதிகமாக இருக்கிறது.

தந்த நிறமே எடுத்துவிட்டேன். கிழக்கு அறைக்கும்தான்.

இன்னொன்று எழுத வேண்டும், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கிழக்கு அறையோடு ஒட்டிய பாத்ரூமில் வாஷ்பேசினுக்கான தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் கண்ணையன் சுவரைக் கொத்திப் பதித்துவிட்டான். நல்ல பிளம்பர், கூடத்தில் வைத்தது கச்சிதமாக இருக்கிறது. ஆனால் இங்கே மிகவும் தாழ்வாக வைத்திருக்கிறான். பேசினை மாட்டினால் நான் முட்டி போட்டுத்தான் முகம் கழுவ வேண்டும். ஏனப்பா இப்படி என்று கேட்டேன். 'கோடு அங்கதான சார் இருந்துச்சு' என்கிறான். பார்த்தால் பூச்சின் மேல் பென்சில் கோடு இருக்கிறது. நான் போடவில்லை. மேஸ்திரியைக் கேட்டேன், அவரும் போடவில்லை. மற்ற ஆட்களுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை.

உடைத்து மாற்றச் சொல்லட்டுமா? சின்ன விஷயம்தான். உன்னிடம் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை.

பரணிதரன்

ஆண்டிமடம்
27-5-2024

அமுதினி அப்பாவுக்கு,

மாடத்தை அடைத்ததற்கு நன்றி. முதல் தடவையாக உங்கள் அக்காவுக்கு எதிராக ஒரு செங்கல் வைத்திருக்கிறீர்கள்.

பேசின் குழாயை உடைத்து மாற்றச் சொல்லுங்கள். ஆட்கள் விளையாடுகிறார்கள். இல்லாவிட்டால் ஜெகதா அண்ணிதான் யாரையோ விட்டுக் கோடு போடச் சொல்லியிருப்பார். மாடம் போனால் வேறு வழியில் வருவார், எனக்கு அவரைத் தெரியும். பிள்ளையைக் காட்டி உங்களைப் பயமுறுத்தினால் மறுபடி மாடம் திறப்பீர்கள் என்று கணக்கு.

மேலே உள்ளதை எழுதி மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாளாக அனுப்பவில்லை. இப்போது பிரித்து மறுபடி எழுதுகிறேன்.

உடைக்காதீர்கள். அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? உங்கள் காலோடு வைத்து அளந்து எழுதுங்கள். வாடகை வீட்டில் அவள் ஸ்டூல் போட்டு ஏறித்தான் பல் விளக்குவாள். தினமும் அந்த ஸ்டூலோடு சண்டை. ஒரு நாள் உங்களைப் புது வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், 'எனக்கு இங்க ஸ்டூல் போட்டீங்கன்னா நா குளிக்கவே மாட்டேன்' என்று மிரட்டியதும், 'ஒனக்கு எட்டுறாப்புலயே வச்சுடறேன் தாயி' என்று நீங்கள் கும்பிட்டதும் நினைவிருக்கிறதா? அப்போது பக்கத்தில் நம் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. அண்ணிக்கு அது தெரியாது. அதை நினைத்த பிறகுதான் கடிதத்தைப் பிரித்தேன்.

அளந்து எழுதுங்கள்.

ரஞ்சனி

குன்னம்
5-6-2024

ரஞ்சனிக்கு,

அளந்தேன். என் முட்டிக்கு மேல் ஒரு சாண். அவளுக்காக நான் அன்று மனதில் நினைத்த உயரம் அது இல்லை. அதைவிட நாலு விரல் கூட இருக்கிறது. அப்போது வைத்திருந்தால் அவள் குதிகாலை உயர்த்தி நின்றிருக்க வேண்டும்.

இன்னும் இருக்கிறது. கிழக்கு அறை சுவிட்ச் பெட்டிக்கும் ஒரு கோடு வந்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன் கொத்துவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். என் மார்புக்குக் கீழே. கப்போர்டில் துணி மாட்டும் கம்பிக்கு ஒன்று, ஜன்னல் கொக்கிக்கு ஒன்று. எல்லாம் ஒரே அறையில்தான். மற்ற அறைகளில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. டைல்ஸ் ஒட்டுகிற ஆட்களில் ஒருவர் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார். 'புள்ள நடமாடுது சார், எனக்கும் புள்ளகுட்டி இருக்கு' என்றார். அக்கா இப்போது பேசுகிறது. 'அவ எடங் கேக்குறாடா. மாடத்த அடைச்சிட்ட, செவுரு செவுரா அலையுறா' என்று அழுகிறது.

நான் உன்னிடம் மறைக்கக் கூடாது. நேற்று மத்தியானம் கிழக்கு அறையில் டைல்ஸ் ஒட்டி ஈரமாக இருந்தது. நான் வாசலில் நின்று கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். 'உள்ள வராத, கால் பதியும், அப்பா திட்டுவேன்' என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். மேஸ்திரி கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பயந்திருக்க வேண்டும். பயமே வரவில்லை. பயம் வரவில்லையே என்பதுதான் இப்போது எழுதும்போது பயமாக இருக்கிறது.

கதவுக்குக் கைப்பிடி வாங்க வேண்டும். உருண்டையாகத் திருகுவதா, கீழே அழுத்தித் திறப்பதா?

பரணி

ஆண்டிமடம்
14-6-2024

அமுதினி அப்பாவுக்கு,

அழுத்தித் திறப்பது. திருகுகிற பிடி சோப்புக் கைக்கு வழுக்கும்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலையில் எங்கள் தெருவில் நீல பாவாடைகள் போகின்றன. இருந்திருந்தால் ஐந்தாம் வகுப்பு. நாலு விரல் கூட என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் முந்திரித் தோப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். அம்மா தேடிக்கொண்டு வந்தார். 'என்னடி' என்றார். 'அமுதினி வளந்துட்டாம்மா' என்றேன். அம்மா என் நெற்றியில் திருநீறு பூசிக் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்கு உங்கள் மேல் பொறாமையாக இருக்கிறது. எழுதக் கூடாததுதான், எழுதிவிடுகிறேன். வயிற்றில் சுமந்தவள் நான். இங்கே அவள் வரவே இல்லை. கொலுசுச் சத்தம் கேட்குமா என்று மத்தியானங்களில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். கனவில்கூட வரவில்லை. அவளுடைய சீப்பைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிப் பார்த்தேன், பிள்ளை கிட்டேயே வரவில்லை. உங்களுக்கு மட்டும் சுவர் சுவராகக் கோடு போட்டுக் காட்டுகிறாளா? நான் என்ன பாவம் செய்தேன்?

எனக்குத் தெரியும் நான் செய்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் அவளை விட்டுவிட்டு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். நீங்கள்தான் போகச் சொன்னீர்கள். 'காச்சல் எறங்கிடுச்சு, நீ போயி செத்த தூங்கிட்டு வா' என்றீர்கள். பையில் அவள் சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் போனது அவளுக்குக் கோபம். அதனால்தான் என்னிடம் வரவில்லை. அவள் கடைசியாக என்னைக் கேட்டாளா? இத்தனை நாளாக இதை உங்களிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பொய் சொன்னால் உங்கள் கையெழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

கிழக்கு அறைக்குத் திரைச்சீலை நான் ஜெயங்கொண்டத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் போய் பூப்போட்டதை வாங்கித் தொலைக்காதீர்கள். அவள் இப்போது பூப் படமெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்பாள். சுவிட்ச் அந்தக் கோட்டிலேயே இருக்கட்டும். கம்பியும் கொக்கியும் அப்படியே இருக்கட்டும். எதையும் மாற்றாதீர்கள்.

ரஞ்சனி

குன்னம்
24-6-2024

ரஞ்சனிக்கு,

அவள் யாரையும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள், தூக்கத்திலேயே மூச்சு மாறியது. என் விரலைப் பிடித்திருந்தாள், நானாக எடுக்கவில்லை, நர்ஸ்தான் எடுத்துவிட்டார். இதுதான் நடந்தது. நீ போனது அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரியாத விஷயத்துக்கு எப்படிக் கோபப்படுவாள்? உன்னைப் போகச் சொன்னவன் நான். மூன்று நாளாக நீ கண் மூடவில்லை, சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாய், அதனால் சொன்னேன். அன்றைக்கு எது சரி என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

கைப்பிடி வாங்கிவிட்டேன். கிழக்கு அறை பாத்ரூமில் பேசினையும் அந்தக் கோட்டிலேயே மாட்டியாகிவிட்டது. குட்டைக் குழாய், நீ சொன்ன மாதிரி கனமானது. இப்போது பேசினுக்கு மேல் கண்ணாடிக்கும் ஒரு கோடு வந்திருக்கிறது. இரண்டு கண்ணாடி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று வட்டம், சுற்றி விளக்கு எரியும், சுவரில் திருகாணி போட்டு முடுக்கிவிடுவார்கள், அசையாது. இன்னொன்று சதுரம், மரச்சட்டம், கொக்கியில் மாட்டுவது. எது வேண்டும் என்று நீ சொன்னால்தான் கண்ணையன் துளை போடுவான்.

வந்து பார் ரஞ்சனி. அவள் உன்னிடம் வரவில்லை என்றால் நீ அவளிடம் வா. என் முகத்தைப் பார்க்க இஷ்டம் இல்லை என்றாலும் பரவாயில்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை எனக்குத் திருச்சியில் உரக் கம்பெனிக் கூட்டம், பொழுது சாயத்தான் திரும்புவேன். கண்ணையன் வேலையில் இருப்பான், கதவு திறந்திருக்கும்.

ஆவணி இருபதில் பால் காய்ச்ச நாள் குறித்திருக்கிறது. அதைப் பற்றி இப்போது கேட்கவில்லை.

பரணி

ஆண்டிமடம்
6-7-2024

அமுதினி அப்பாவுக்கு,

வியாழக்கிழமை வந்தேன். பஸ் அரியலூர் தாண்டியதிலிருந்து நிறுத்தங்களை எண்ணிக்கொண்டே வந்தேன். குன்னத்தில் இறங்கி பழைய சினேகிதியைப் பார்க்கப் போகிற மாதிரி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். வழியில் வெங்காயம் காயப்போட்டிருந்த ஒரு அம்மா 'யாரு வூட்டுக்கும்மா' என்று கேட்டார். 'எம் மக வூட்டுக்கு' என்று சொல்லிவிட்டேன்.

வீடு நன்றாக இருக்கிறது. தந்த நிறம் சரியான தேர்வு. சமையல் மேடைக் கல் விளிம்பை மழுக்கச் சொல்லுங்கள், கையைக் கிழிக்கும். கன்னி மூலைச் சுவரைத் தட்டிப் பார்த்தேன், கெட்டியாக அடைத்திருக்கிறீர்கள்.

பிறகு கிழக்கு அறைக்குப் போனேன். பேசினுக்கு முன்னால் முட்டி போட்டு நின்று, என் முகத்தை அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பார்த்தேன். 'அம்மா வந்துட்டேன்டி' என்றேன். எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

எழுந்திருக்கும்போது கண்ணாடிக் கோட்டைக் கிட்டத்தில் பார்த்தேன். இடது ஓரத்தில் மெலிதாகத் தொடங்கி வலது ஓரத்தில் அழுத்தி, முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கொக்கி. நான் பன்னிரண்டு வருஷமாக அந்தக் கொக்கியைப் பார்க்கிறேன். விதை மூட்டை வந்து இறங்கினால் சரிபார்த்ததற்கு நீங்கள் போடுகிற கோடு. குன்னத்தில் வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள்.

கண்ணையனை அழைத்து அதட்டினேன். முதலில் தலையைச் சொறிந்தான். பிறகு சொன்னான். 'சார்தாம்மா போடுவாரு. மத்தியானத்துல நாங்க ஜன்னலுக்கு வெளிய சோத்துக்கு ஒக்காந்தப்பறம் வந்து நிப்பாரு. கைய இப்புடி, ஒரு புள்ள தலையத் தடவுறாப்புல காத்துல வச்சுகிட்டு நிப்பாரு. அப்பறம் பென்சில எடுத்துக் கோடு போடுவாரு. சாயங்காலம் வந்து யாருடா போட்டதுன்னு நம்மளையே கேப்பாரு. எப்புடிம்மா நீங்கதான் சார்னு சொல்றது? அந்த மொகத்தப் பாத்துச் சொல்ல முடியலம்மா.' மேஸ்திரிக்கும் தெரியுமாம். டைல்ஸ் ஆள் பயந்து ஓடியது அவளைப் பார்த்து இல்லை, உங்களைப் பார்த்து.

திட்டித் தீர்க்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். என்னை ஏன் வர வைத்தீர்கள்? அவளைப் பார்க்க வந்தேன். உங்களைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

சிவரஞ்சனி

குன்னம்
15-7-2024

ரஞ்சனிக்கு,

உன் கடிதத்தைக் கண்ணையனிடம் படித்துக் காட்டினேன். அவன் அழுதுவிட்டான், நான் அழவில்லை. எனக்கு ஒன்றும் நினைவில்லை. மத்தியானம் கடையை அடைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையைப் பார்த்தேன், விரல் இடுக்கில் பென்சில் கரி இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. பெரம்பலூரில் டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சொல்கிறார் மேஸ்திரி. போகிறேன்.

பைத்தியம் என்று யாராவது சொன்னால்கூடத் தாங்கிக்கொள்வேன். நான்தான் போட்டேன் என்றால் அவள் வரவில்லை. இதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு மாதமாக அவள் இருந்தாள் ரஞ்சனி. காலையில் கடைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்க ஒரு வீடு இருந்தது. ஆஸ்பத்திரியில் போனது ஒரு தடவை, உன் கடிதத்தில் போனது இன்னொரு தடவை.

கண்ணையனிடம் எல்லாவற்றையும் எடுத்து வழக்கமான உயரத்துக்கு மாற்றச் சொல்லப்போகிறேன். வட்டக் கண்ணாடியையே வாங்கி எல்லார் வீட்டையும் போல முடுக்கிவிடுகிறேன். அக்கா மறுபடி மாடத்தைக் கேட்கிறது. திறந்துவிடலாமா என்று தோன்றுகிறது. பிள்ளையாக இருக்க மாட்டாள் என்றால் சாமியாகவாவது ஒரு இடத்தில் இருக்கட்டுமே. எனக்குத் தனியாக அந்த வீட்டில் நுழையத் தெம்பு இல்லை. நீ வர மாட்டாய் என்பதும் தெரிகிறது. நாள் குறித்ததைத் தள்ளிப் போடச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கண்ணாடிக்குப் போட்ட கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு இருக்கிறது. பென்சில் இல்லை, கருப்பாக, மை மாதிரி. கொக்கி எதுவும் இல்லை. கண்ணையன் தான் போடவில்லை என்கிறான். அதுவும் நான்தானா?

பரணி

ஆண்டிமடம்
24-7-2024

அமுதினி அப்பாவுக்கு,

அது நீங்கள் இல்லை.

உங்கள் கோட்டைக் கண்டுபிடித்து, கண்ணையனை அதட்டி அனுப்பிவிட்டு, அந்த அறையிலேயே உட்கார்ந்து உங்களைச் சபித்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து, கண்ணையன் சொன்ன மாதிரி கையைக் காற்றில் வைத்துப் பார்த்தேன். அவள் தலை உச்சி எங்கே வரும் என்று. உங்கள் கோடு தப்பு. நீங்கள் ஆம்பளைக் கணக்கில் வருஷத்துக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறீர்கள். பத்து வயதை நெருங்குகிற பெண் பிள்ளை அப்படி வளர மாட்டாள், ஒரே மழையில் சோளம் கிளம்புகிற மாதிரி கிளம்புவாள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், அம்மாவைக் கேளுங்கள். கைப்பையில் கண்மைப் பென்சில் கிடந்தது. ஒரு விரல் ஏற்றிப் போட்டுவிட்டு வந்தேன். போன கடிதத்தில் இதை எழுத வெட்கமாக இருந்தது. உங்களைத் திட்டிவிட்டு நானும் அதையே செய்திருக்கிறேன் என்று எப்படி எழுதுவது?

அவள் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். டாக்டரைப் பாருங்கள், மத்தியானத் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள், கடையைப் பூட்டும்போது நினைவோடு பூட்டுங்கள். ஆனால் எதையும் மாற்றச் சொல்லாதீர்கள். மாடத்தைத் திறக்காதீர்கள். அண்ணி கெட்டவர் இல்லை, அவருக்கும் அவள் வேண்டும், அவருக்குத் தெரிந்த வழி அது. எனக்கு ஏன் அது ஆகவில்லை என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை, கத்திவிட்டு வந்துவிட்டேன். இப்போது தெரிகிறது. சாமிக்கு வயது ஏறாது. மாடத்தில் வைத்தால் எட்டு வயதுப் பாவாடையோடு அப்படியே இருப்பாள், நாம் கிழவனும் கிழவியுமாகி அவள் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். எனக்கு அது வேண்டாம். என் பிள்ளை வளரட்டும். என்னோடு சண்டை போடட்டும், திரைச்சீலை பிடிக்கவில்லை என்று சொல்லட்டும்.

இனிமேல் அளவு எடுப்பதாக இருந்தால் தனியாகப் போய் நிற்காதீர்கள். நானும் வருகிறேன். இரண்டு பேருமாகக் கையை வைத்துப் பார்த்துத்தான் கோடு போட வேண்டும்.

ஆடி முடியாமல் விட மாட்டேன் என்கிறார் அம்மா. ஆவணி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நாளைத் தள்ளிப் போட்டிருந்தால் மறுபடி பழைய நாளுக்கே கொண்டுவாருங்கள். வெண்கலப் பானை நான் எடுத்து வருகிறேன், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

வட்டக் கண்ணாடி வேண்டாம். சதுரத்தையே வாங்குங்கள். கண்ணையனிடம் சொல்லி என் கோட்டில் வெறும் கொக்கி மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், திருகாணி போட்டு முடுக்கிவிடப் போகிறான். ஒவ்வொரு ஆவணிக்கும் கழற்றி ஏற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

ரஞ்சனி